கம்ப்யூட்டரை ஏமாற்றும் அழகி

சமயபுரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அதை அடுத்த மேலூரில் 2015-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. இப்பகுதியில் ரோஜா அழகி என்ற வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். புழுவாக இருக்கையில் அது நச்சுள்ள ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வதால் பறவைகள் அதை ஒதுக்கிவிடும். கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் ஒரு வகை, நஞ்சு இல்லாமலே அதே சிறகுக் கோலத்துடன் தப்பித்துவிடுகிறது! பறவையே ஏமாறும்போது நாம் ஏமாறுவதில் வியப்பில்லை.

பெயர் குறித்த படங்களை ஆயிரக்கணக்கில் காட்டி, இனம் பிரிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். சிறகை மட்டும் கவனித்தால் அதுவும் ஏமாறும். உடலைப் பார்க்க வேண்டும்: ரோஜா அழகிக்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு. படத்தின் எந்தப் பகுதியைக் கண்டு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது என்பது டாக்டர் பட்ட ஆய்வுக்கு உரிய கேள்வி. இதற்குக் கணிதமும் வேண்டும், பூச்சிகளைப் பற்றிய அறிவும் வேண்டும். கம்ப்யூட்டர் துறையில் அப்பட்டத்துக்கு ஆய்வு செய்யத் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலேயே வசதி உண்டு.