தரங்கம்பாடியில் கோட்டையைத் தவிர மற்றதெல்லாம்

எங்க ஊர் ஜேடர்பாளையத்துக்கு ஞாயித்துக்கிழமை வர்ற கூட்டம் மூணு காரியம் செய்யும். படுகை அணையில் குளிக்கும், மீன் வறுவல் சாப்பிடும், பூங்காவில் பிள்ளைகளை விளையாட விடும். ராஜா வாய்க்கால் மதகுப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வேலூர், மோகனூர் வரைக்கும் வாழையும் வெற்றிலையும் விளைவது அந்த வாய்க்கால் தண்ணியில்தான். ஊரை நடத்துற கட்டடம் ஒண்ணு, ஊருக்கு வர்றவங்க போட்டோ எடுக்கிற கட்டடம் வேற ஒண்ணு. இது எல்லா ஊருக்கும் பொருந்தும்னு எனக்கு ஒரு எண்ணம். தரங்கம்பாடியில் அதைச் சரிபார்க்க முடிந்தது.

தரங்கம்பாடின்னாலே டேன்ஸ்போர்க் கோட்டை. கடலுக்கு முன்னால வெளிர் நிறத்தில் நிற்கும். எல்லாரும் அங்கே ஒரு செல்ஃபி எடுத்துட்டு, உள்ளே அருங்காட்சியகத்தை ஒரு சுத்து சுத்திட்டு, வேளாங்கண்ணிக்கு வண்டியைத் திருப்பிடுவாங்க. ஆனா 1620-லிருந்து 1845 வரை, 225 வருஷம், இது கிட்டத்தட்ட ஒரு குட்டி நகர-நாடாக இருந்த இடம். தனிக் கொடி, தனிக் காசு, தனி நீதிமன்றம், தனிச் சிறை, சுற்றிலும் மதில், அதில் ஒரு வாசல். காகிதத்தில் அது டென்மார்க்கின் காலனி. டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்து சேர ஏழு மாசம் ஆகும்போது, நடைமுறையில் அந்த மதிலுக்குள் இருந்தவங்கதான் அரசாங்கம்.

நிலம் தஞ்சாவூருடையது. இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இடம் தந்தது சும்மா இல்லை, வருஷா வருஷம் தஞ்சாவூருக்குப் பணம் கட்டணும். நாயக்கர் போய் மராத்தியர் வந்த பிறகும் இதே கதைதான். 1690-களின் கடைசியில் தஞ்சாவூர்ப் படை ஊரையே முற்றுகை போட்டது, இங்கிலீஷ்காரன் உதவிக்கு வந்துதான் டேனிஷ்காரன் தப்பிச்சான். இத்தனை சின்ன நாடுகளுக்கு இந்தப் பிரச்சினை எப்பவும் உண்டு. வாட்டிகன் வெறும் 44 ஹெக்டேர், நம்ம கணக்கில் 109 ஏக்கர்தான். அதுக்குத் தண்ணி தரணும், ரயில் பாதை இணைச்சுத் தரணும்னு 1929 லாத்தரன் ஒப்பந்தத்திலேயே இத்தாலிக்கு ஒரு பிரிவு எழுதி வச்சிருக்காங்க. மதிலுக்குள்ள நெல் விளையாது. பக்கத்து வீட்டுக்காரன் தயவு இல்லாமல் அடுப்பு எரியாது.

சரி, ஊருக்குள் போகலாம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் கண்ணில் படுவது ஊர்வாசல், டேனிஷ் மொழியில் லாண்ட்போர்ட்டன். இப்ப இருக்கிறது 1792-ல் திரும்பக் கட்டியது, மேலே டென்மார்க் அரச முத்திரை. அதைத் தாண்டினால் கிங் தெரு நேரா கடலுக்கு ஓடுகிறது. பத்து நிமிஷ நடை, நாடு முடிஞ்சுபோச்சு! வழியில் 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் வரும்.

வாசல் சும்மா அலங்காரம்னு நினைச்சிடாதீங்க. மதிலுக்கு ஒரு கதை இருக்கு, எனக்கு இந்த ஊரிலேயே ரொம்பப் பிடிச்ச கதை. 1639-க்கு அப்புறம் டென்மார்க்கிலிருந்து இங்கே கப்பலே கிளம்பலை. ஒரு வருஷம் இல்லை ரெண்டு வருஷம் இல்லை, கிட்டத்தட்ட முப்பது வருஷம். அங்கே போர், கம்பெனி திவால், 1650-ல் கம்பெனியையே கலைச்சுட்டாங்க. ஆனா இங்கே இருந்தவங்களுக்கு வேலை மட்டும் போகலை! சர்வரை வாங்கிப் போட்ட கம்பெனி மூடினப்புறமும் எங்கேயோ ஒரு ரூமில் அது ஓடிக்கிட்டே இருக்குமே, அந்த மாதிரி. 1655-ல் தலைவராயிருந்தவர் செத்துப்போனதும் பொறுப்பு எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கெ என்ற ஆளிடம் வந்தது. பெரிய குடும்பம் கிடையாது, சாதாரண ஆள். கையளவு டேனிஷ்காரங்க, மீதி எல்லாம் உள்ளூர் சனங்க. இவர்தான் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், நாயக்கரிடம் பேசிச் சமாதானம் செய்தார், கோபன்ஹேகனுக்குக் கடிதம் மேல் கடிதமா அனுப்பினார். ஒருவழியாக 1669-ல் கப்பல் வந்தப்ப கொடி இன்னும் பறந்துக்கிட்டிருந்துச்சு.

மதிலுக்குப் பணம் எங்கிருந்து வந்துச்சு? வங்காளக் கடலில் போன முகலாயர் பக்கத்துக் கப்பல்களைப் பிடிச்சுக் கொள்ளையடிச்ச பணம். கொங்ஸ்பாக்கெயை வீரர்னு கொண்டாடுறவங்க இந்த வரியைச் சீக்கிரமாத் தாண்டிடுவாங்க. பஞ்சக் காலத்தில் நம்ம சனங்களை அடிமையா வாங்கிக் கப்பலேற்றி வித்ததும் இதே துறைமுகத்திலிருந்துதான்.

கோட்டைக்குள் போனாலும் நான் சொல்றது மாடியை இல்லை, கீழ்த்தளத்தை. மேலே ஆளுநர், வணிகர்கள், பாதிரியார். சீயோன் ஆலயம் வரும்வரை கோயிலும் அங்கேயேதான். கீழே கிடங்கு, வெடிமருந்து அறை, சிப்பாய்கள் தங்குமிடம், சிறை. அரசாங்கம், கடை, ஜெயில் எல்லாம் ஒரே கட்டடம். ஆளுநர் தனி வீட்டுக்குப் போனது 1784-ல்தான். எதிரில் மைதானத்தைத் தாண்டி, தூண் வச்ச தாழ்வாரத்தோட நிற்கிறதே, அந்தப் பங்களாதான்.

இப்படி எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தால் என்ன ஆகும்? 1708-ல் ஒரு கடன் வழக்கு. செத்துப்போன ஒரு தமிழ் நாவிதரின் மனைவி, தன் புருஷனுக்கு வர வேண்டிய பணத்துக்காக நியாயம் கேட்கிறாள். எதிராளி கம்பெனியில் மொழிபெயர்ப்பாளரா வேலை பார்த்த ஆள். ரெண்டு வருஷம் முன்னால் வந்திருந்த பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்கு அந்த விதவை பக்கம் பேசினார். தளபதி ஹாசியஸுக்குக் கோபம் வந்துடுச்சு. முடிவில், பேசின பாதிரியாருக்கு நாலு மாசம் கோட்டைச் சிறை.

யோசிச்சுப் பாருங்க. கடன்காரனுக்குச் சம்பளம் கொடுக்கிறது கம்பெனி. நீதி வழங்க வேண்டியவர் கம்பெனியின் தளபதி. ஜெயில் சாவியும் அவரிடம்தான். எங்க தொழிலில் ஒரே ஆளிடம் எல்லா அட்மின் பாஸ்வேர்டையும் கொடுக்காதேன்னு தலையால அடிச்சுக்குவோம். சீகன்பால்குவை அனுப்பியது டென்மார்க் அரசரே, இருந்தும் நாலு மாசம் உள்ளே. அரசரிடம் ஒரு புகார் போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். அப்படின்னா அந்த அம்மா யாரிடம் போயிருப்பாள்? தமிழர் வழக்குகளுக்குன்னு இங்கே தனியா ஒரு நீதிமன்றம் இருந்தது, பேரே 'கறுப்பு நீதிமன்றம்'. உள்ளூர் வழக்கப்படி தீர்ப்பு சொல்லும், ஆனா நடத்துறது அதே கம்பெனி. சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க, அதனால நியாயம் சுலபமாக் கிடைக்கும்னு நாம நினைப்போம். மேல்முறையீட்டுக்கு மதிலுக்கு வெளியே ஒரு இடம் இல்லைன்னா அந்த நெருக்கமே கழுத்தை நெரிச்சிடும்.

காசைப் பற்றி ரெண்டு வரி. கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து நாணயங்களை வச்சிருக்காங்க. இங்கே முதலில் ஈயத்திலும் பிறகு செம்பிலும் அடிச்சாங்க, வெள்ளியும் உண்டு. அரசர் பேரின் எழுத்து டேனிஷ், ஆனா காசின் பேரு 'கஸ்', 'ஃபானோ'. நம்ம காசும் பணமும்தான்! சந்தையில் கத்திரிக்காய் விக்கிறவளுக்குப் புரியற பேரைத்தான் அரசரும் வச்சாகணும்.

ஊரின் இன்னொரு முக்கியமான கட்டடம் மதிலுக்கு வெளியே இருந்தது. 1712-ல் அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் பின்னாலேயே வந்தன. எழுத்து ரொம்பப் பெரிசு, காகிதத்தைத் தின்னும். காகிதமோ கப்பலில் வரணும். அதனால இங்கேயே சின்ன எழுத்து வார்த்தாங்க, பொறையாரில் காகித ஆலையும் வச்சாங்க. 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுசா அச்சாகிவிட்டது. ஆலை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கலை. பேர் மட்டும் நிலைச்சிடுச்சு, பொறையார்ப் பக்கம் அந்த இடம் இன்னும் கடுதாசிப்பட்டறைதான்.

1845-ல் டேனிஷ்காரங்க இதையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு வித்துட்டாங்க. கொஞ்ச காலம் தஞ்சாவூர் கலெக்டர் இங்கே உட்கார்ந்தார், 1860-ல் அதுவும் போச்சு. அடுத்த வருஷமே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, துறைமுக வியாபாரம் அங்கே போயிடுச்சு. பணம் வராத ஊரில் யாரும் பழைய வீட்டை இடிச்சு மாடி கட்ட மாட்டாங்க. இவ்வளவு கட்டடம் மிச்சமிருக்க அதுதான் காரணம்னு நினைக்கிறேன். பணத்துக்குப் பதிலாக் கடல் வந்து இடிச்சது. டேனிஷ்காரனுக்கு முந்நூறு வருஷம் முந்தி, 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி அலையோடு போச்சு. 2004 சுனாமி மீனவர் குப்பத்தை அடிச்சுட்டுப் போச்சு.

சுனாமிக்குப் பிறகு கோல்ட்ஸ்மித் தெருவில் இன்டாக் அமைப்பு பழைய ஓட்டு வீடுகளைச் சரிசெய்து கொடுத்தது. திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, அசல் தமிழ் வீடு. நான் போனப்ப ஒரு திண்ணையில் பாட்டி ஒருத்தர் முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க. "கோட்டை அந்தப் பக்கம் தம்பி"ன்னு கையைக் காட்டினாங்க. பார்த்துட்டேன் பாட்டி, வீட்டைப் பார்க்கத்தான் வந்தேன்னேன். "இதுல என்ன இருக்கு"ன்னு சிரிச்சுட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விட்டாங்க.