கூரை ஒழுகுகிறதா? முதலில் ஈயத் தகட்டைப் பாருங்கள்

 

சென்ற குளிர்காலத்தில் நம் பகுதியைச் சேர்ந்த வயது முதிர்ந்த தம்பதியர் வட்டியில்லாக் கடன் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். மாடியறை சீலிங்கில் மழைக்கறை படர்ந்திருந்தது. அந்த வாரம் இரண்டு பேர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "பக்கத்துத் தெருவில் வேலை செய்கிறோம். உங்கள் கூரை மோசமாக இருப்பதைப் பார்த்தோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசியில் ஏதோ ஒரு கூரையின் படத்தைக் காட்டி, முழுக் கூரையையும் மாற்ற வேண்டும், பாதிப் பணத்தை இன்றே ரொக்கமாகத் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாதிப் பணத்துக்காகத்தான் பெரியவர் கடன் கேட்டார்.

பணம் கொடுப்பதற்கு முன், அனுபவமுள்ள கூரை வேலைக்காரர் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொன்னோம். ஓடுகள் நன்றாகவே இருந்தன. புகைபோக்கியின் பின்புறம் இருந்த ஈயத் தகடு வெடித்திருந்தது. பக்கத்துத் தகட்டைப் பிடித்திருந்த சாந்தும் உதிர்ந்து போயிருந்தது. அந்த இரண்டையும் சரிசெய்ததும் ஒழுகல் நின்றது, அல்ஹம்துலில்லாஹ். கேட்கப்பட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான் செலவானது.

இப்படி ஏமாற இருந்தவர்கள் இவர்கள் மட்டுமல்ல. அதனால்தான் இந்த இதழில் ஈயத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

தண்ணீர் எங்கே புகுகிறது?

நம்மில் பலர் ஊரில் மொட்டை மாடி வீட்டிலோ ஓட்டு வீட்டிலோ வளர்ந்தவர்கள். ஓட்டு வீடு ஒழுகினால் உடைந்த ஓட்டை மாற்றுவோம், வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒழுகல் என்றதும் ஓட்டைத்தான் சந்தேகப்படுகிறோம்.

இங்குள்ள பழைய வரிசை வீடுகளின் அமைப்பு வேறு. சரிவான கூரையைத் துளைத்துக்கொண்டு செங்கல் புகைபோக்கி மேலே எழும்பி நிற்கும். இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர் சில இடங்களில் கூரைக்கு மேலே உயர்ந்திருக்கும். பின்னால் கட்டிய சமையலறையின் தாழ்ந்த கூரை, வீட்டின் பெரிய சுவரில் வந்து முட்டும். இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளமும் உண்டு. கூரை சுவரைத் தொடும் இந்த இடங்களை ஓடு மூடாது. அங்கே ஓட்டுக்கும் செங்கலுக்கும் இடையில் ஒரு கோடு திறந்தே இருக்கிறது. அந்தக் கோட்டை மூடுவதுதான் ஈயத் தகட்டின் வேலை. இங்கே இதை 'லெட் ஃபிளாஷிங்' என்பார்கள்.

தகட்டின் மேல் விளிம்பு செங்கல் வரிசைகளுக்கு இடையிலுள்ள சாந்தை வெட்டி உள்ளே செருகப்பட்டிருக்கும். கீழ்ப் பகுதி ஓட்டின் மேல் படிந்து கிடக்கும். சுவரில் வழியும் மழைநீர் தகட்டின் மேல் இறங்கி, ஓட்டின் மேல் ஓடி, பீலிக்குப் போய்விடும். புகைபோக்கியின் பக்கங்களில் செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிப்படியாக வெட்டிய தகடு இருக்கும். முன்புறத்தில் ஏப்ரன் போன்ற ஒரு தகடு விரிந்திருக்கும். பின்புறத்தில் ஒரு சிறு ஈயத் தொட்டி அமைந்திருக்கும். மேலிருந்து வரும் தண்ணீர் முழுவதும் புகைபோக்கியின் முதுகில் வந்து மோதுவதால் அந்தப் பின்புறமே அதிகம் பழுதாகும் இடம்.

ஏன் ஈயம்?

ஈயம் மென்மையானது. சூடாக்காமலேயே மரக்கட்டையால் தட்டித் தட்டி ஓட்டின் வளைவுக்கும் செங்கலின் மூலைக்கும் ஏற்ப அதைப் படிய வைக்கலாம். இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. காற்றும் மழையும் பட்டதும் மேலே ஒரு சாம்பல்நிறப் படலம் உண்டாகி, அதுவே உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ஒழுங்காகப் பதித்த தகடு பல பத்தாண்டுகள் உழைக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பாத் நகரில் ரோமானியர் கட்டிய பெரிய குளியல் குளத்தின் அடியில் 45 ஈயத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவை இன்றும் தண்ணீரைத் தாங்கி நிற்கின்றன. 1557இல் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலின் குவிமாடங்களைப் போர்த்தியிருப்பதும் ஈயம்தான். 'பிளம்பர்' என்ற சொல்லே ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'பிளம்பம்' என்பதிலிருந்து வந்தது.

நல்ல தகடு ஏன் கெடுகிறது?

பெரும்பாலும் பொருளின் குற்றமல்ல, பதித்த விதத்தின் குற்றம். ஈயம் வெப்பத்தில் நன்றாக நீளும், குளிரில் சுருங்கும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள துண்டு, 60 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நகரும். உறைபனி இரவுக்கும் கோடை நண்பகலுக்கும் இடையில் கருத்த தகடு அந்த அளவு வேறுபாட்டைச் சந்திக்கக்கூடும். சிறு துண்டு இதைத் தாங்கிக்கொள்ளும். வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காக நான்கைந்து மீட்டர் நீளத்தை ஒரே துண்டாக வைத்தால், அசைய இடமின்றி மடிந்து மடிந்து கடைசியில் வெடித்துவிடும்.

இரண்டாவது காரணம், மேல் விளிம்பைப் பிடித்திருக்கும் சாந்து உதிர்வது. பிடி தளர்ந்த தகடு சரிந்து இறங்கும். மூன்றாவது காரணம் காற்று. கீழ் விளிம்பைப் பிடிக்கும் கிளிப்புகள் இல்லையென்றால் புயல் தகட்டைத் தூக்கி மடித்துவிடும்.

சில பழைய வீடுகளில் ஈயமே இராது. மூலையில் சிமெண்ட் சாந்தைப் பட்டையாகப் பூசியிருப்பார்கள். கூரை மரம் அசையும், சுவர் அசையாது. எனவே நடுவிலுள்ள சிமெண்ட் விரிசல் விட்டே தீரும். அந்த விரிசலின் மேல் மறுபடியும் சிமெண்ட் பூசுவது சில மாதங்களுக்குத்தான் பலன் தரும். ஒட்டும் நாடாவும் அப்படியே. அவசரத்துக்கு அது உதவும், நிரந்தரத் தீர்வாகாது.

வீட்டிலிருந்தபடியே பார்க்க வேண்டியவை

தயவுசெய்து யாரும் கூரை மேல் ஏறாதீர்கள். இந்த நாட்டில் வேலையிடத்து மரணங்களுக்கு முதன்மையான காரணம் உயரத்திலிருந்து விழுவதுதான். தொழில் தெரிந்தவர்களுக்கே அந்த நிலை.

தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தகடு சுவரைவிட்டு விலகித் தொங்குகிறதா, மடிந்திருக்கிறதா, புகைபோக்கியைச் சுற்றிச் சிமெண்ட் அப்பியிருக்கிறதா என்பது தெரியும். மழை பெய்யும்போது லாஃப்டில் விளக்கடித்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. மரச்சட்டங்களின் மேல் மட்டும் காலை வையுங்கள். சட்டங்களுக்கு இடையில் மிதித்தால் சீலிங் உடைந்துவிடும். உள்ளே புகுந்த நீர் மரச்சட்டத்தின் வழியே ஓடி வேறு இடத்தில் சொட்டும். ஆகவே கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

கறை எப்போது தோன்றுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். காற்றோடு கூடிய மழைக்குப் பிறகு பெரிதானால் கூரையைச் சந்தேகிக்கலாம். மழையில்லாத குளிர் நாட்களில் ஜன்னலோரத்திலும் மூலையிலும் கருத்தால், அது அறைக்குள் உள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிவதால் வருவது. பழைய புகைபோக்கிச் சுவரில் கரி உப்புகள் ஊறியிருந்தால் அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அப்போது ஒழுகலே இல்லாமலும் கறை தெரியும். இந்தக் குறிப்பைப் பார்க்கும் நல்ல வேலைக்காரர் பாதி நோயை அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்.

வேலைக்காரரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. என்ன கனத் தகடு போடுவீர்கள்? ஈயச் சுருளின் கனத்தை எண்ணாலும் நிறத்தாலும் குறிப்பார்கள். சுவரோரத் தகட்டுக்கு வழக்கமாக 4ஆம் எண். அது 1.80 மில்லிமீட்டர் கனம், நீலநிறக் குறி. பச்சைக் குறியுள்ள 3ஆம் எண் 1.32 மில்லிமீட்டர்தான். அது ஓட்டுக்கு அடியில் செருகும் சிறு துண்டுகளுக்கு உரியது.

2. ஒரு துண்டு எவ்வளவு நீளம்? 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு துண்டின் மேல் அடுத்தது குறைந்தது 100 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும்.

3. சுவரில் எவ்வளவு உயரம் ஏறும்? கூரையிலிருந்து குறைந்தது 150 மில்லிமீட்டர். தெறிக்கும் நீர் அதற்கு மேலே போகாது.

4. சுவரில் எப்படிப் பிடிக்கும்? 25 மில்லிமீட்டர் உள்ளே மடித்துச் செருகி, ஈய ஆப்புகளால் இறுக்கி, பிறகு சாந்தோ சீலண்டோ பூச வேண்டும். வெறுமனே பசை வைத்து ஒட்டுவது போதாது.

5. முடிந்ததும் பேட்டினேஷன் எண்ணெய் பூசுவீர்களா? பூசாவிட்டால் புதுத் தகட்டிலிருந்து வெள்ளைக் கறை வழிந்து ஓட்டில் படியும்.

இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். குறைந்தது இரண்டு பேரிடமாவது எழுத்தில் விலை வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஈயத்துக்கும் விலை உண்டு. அது யாருக்கு என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில் வந்து பேசி முடிக்கும் பெரும்பாலான ஒப்பந்தங்களை 14 நாட்களுக்குள் ரத்துசெய்ய உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அவசர ஒழுகலுக்கு நீங்களே ஆளை அழைத்திருந்தால் இந்த உரிமை பொருந்தாமல் போகலாம். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடாதீர்கள். 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

கூரையைச் சரிசெய்வது உங்கள் செலவல்ல. 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, குறுகிய கால வாடகையில் வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. ஆனால் பழுதை அவருக்குத் தெரிவிப்பது உங்கள் வேலை. தேதியிட்டு, படங்களுடன், எழுத்தில் தெரிவியுங்கள்.

ஈரத்தைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். ரோச்டேலில் பூஞ்சை படர்ந்த வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீட்டு வாரிய வீடுகளில் நடைமுறையில் இருக்கிறது. கடுமையான ஈரம், பூஞ்சை பற்றிப் புகார் வந்தால் 10 வேலை நாட்களுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசர நிலையென்றால் 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்புச் செய்ய வேண்டும்.

அண்டை வீட்டார்

வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டும் சகோதரர்கள் இதைக் கவனியுங்கள். உங்கள் புதுச் சுவருக்கும் அண்டை வீட்டுச் சுவருக்கும் இடையில் தகடு செருக அவர்கள் சுவரை வெட்ட வேண்டியிருந்தால், 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கடிதத்தைக் கொடுக்கும் முன் நேரில் போய்ச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை எழாது. புகைபோக்கி இரு வீட்டுக்கும் பொதுவாக இருந்தால் சாரம் கட்டும் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஈயம் நச்சுப் பொருள். கூரையில் இருக்கும்வரை வீட்டாருக்குத் தொல்லையில்லை. வெட்டிய துண்டுகளைப் பிள்ளைகள் எடுத்து விளையாட விடாதீர்கள். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயத்தின் மேல் வழிந்த மழைநீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதீர்கள்.

இலையுதிர்காலப் புயல்கள் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று உங்கள் புகைபோக்கியை நிமிர்ந்து பாருங்கள். பக்கத்தில் தனியாக வாழும் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். யாராவது கதவைத் தட்டிக் கூரையைப் பற்றிப் பேசினால், பணம் கொடுப்பதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், விலைச்சீட்டைப் படித்துப் பார்க்கவும், உரிமையாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் நாங்கள் உதவுகிறோம்.