ஈஸ்ட் இழந்த காவலன்

ஓர் உயிரிலிருந்து ஒரு மரபணுவை நீக்கிவிடுகிறோம். அவ்வுயிர் முன்போலவே செழித்து வளர்கிறது. அப்படியானால் அம்மரபணு வீண்தானே? மாணவப் பருவத்தில் நானும் இவ்வாறே எண்ணியதுண்டு. அவ்வெண்ணம் பிழை என்பதை எனக்கு உணர்த்தியது, ரொட்டி மாவைப் பொங்கச் செய்கின்ற ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்.

ஈஸ்டுக்குப் பிழைக்கும் வழிகள் இரண்டு. சர்க்கரை மிகுந்திருக்கும்போது, அதைப் பிராணவாயுவின் உதவியின்றியே சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றி, அதில் கிடைக்கும் சிறிதளவு ஆற்றலைக் கொண்டு அது வாழ்கிறது. இது நொதித்தல். சர்க்கரை தீர்ந்தால், தான் உண்டாக்கிய சாராயத்தையே பிராணவாயுவின் துணையால் எரித்து உயிர் வாழ்கிறது. இது சுவாசித்தல். இந்த எரிப்பு நடைபெறும் அடுப்பே மைட்டோகாண்டிரியா.

அடுப்பு அணைந்தால் என்ன ஆகும்? 1949-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் போரிஸ் எஃப்ருஸியும் அவருடைய கூட்டாளிகளும் அக்ரிஃப்ளேவின் என்னும் சாயப்பொருள் கலந்த ஊட்டத்தில் ஈஸ்டை வளர்த்தனர். தோன்றிய ஈஸ்ட் திட்டுகள் ஏறக்குறைய எல்லாமே சிறுத்திருந்தன. மைட்டோகாண்டிரியா தனக்கெனக் கொண்டுள்ள டி.என்.ஏ. அவற்றில் சிதைந்தோ அழிந்தோ போயிருந்தது என்பது பின்னர் விளங்கிற்று. அவை சர்க்கரையில் வளர்ந்தன. சாராயத்திலும் கிளிசராலிலும் வளரவேயில்லை.

அங்கே இழப்பு கண்ணுக்குப் புலனாயிற்று. புலனாகாத இழப்பும் உண்டு. அடுப்பு எரிந்தால் தீப்பொறி பறக்குமன்றோ? சுவாசத்தின்போதும் பிராணவாயுவில் ஒரு சிறு பகுதி, சூப்பராக்சைடு என்னும் கேடு விளைக்கும் வடிவத்தை அடைகிறது. அதை அடக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதியின் பணியை 1969-இல் மக்கார்டு, ஃப்ரிடோவிச் என்னும் இருவர் அமெரிக்காவில் கண்டறிந்தனர். மாங்கனீஸைத் தாங்கிய அத்தகைய நொதி ஒன்று ஈஸ்டின் மைட்டோகாண்டிரியாவில் காவல் புரிகிறது. வியப்பு என்னவெனில், அதற்குரிய மரபணு மைட்டோகாண்டிரியாவில் இல்லை. உயிரணுவின் உட்கருவில் இருக்கிறது. வெளியே உருவாகும் புரதம் பின்னரே உள்ளே செல்கிறது.

1986-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் கோட்ஃப்ரீட் ஷாட்ஸ் குழுவினர் இம்மரபணுவைச் சிதைத்தனர். ஈஸ்டிடம் ஒரு வசதி உண்டு. இரு முனைகளிலும் தன் டி.என்.ஏ.வை ஒத்த துண்டு ஒன்றை அளித்தால், தன் பகுதியை விடுத்து அதனை ஏற்றுக்கொள்ளும். இவ்வாறு காவலனை இழந்த ஈஸ்ட் பிராணவாயு மிகுந்த சூழலில் மிகவும் நலிந்தது. சுவாசித்தே தீரவேண்டிய ஊட்டத்தில் அந்த நலிவு இன்னும் கூடுதல். ஆனால் அதையே சர்க்கரை ஊட்டத்தில், சாதாரணக் காற்றில் வளர்த்தால் குறையொன்றும் தோன்றாது!

இதனை ஆய்வாளர் காணும் முறை எளியது. ஈஸ்ட் கலந்த நீரைப் பத்து, நூறு, ஆயிரம் மடங்கு நீர்த்து, ஊட்டத் தட்டுகளில் வரிசையாகத் துளித்துளியாக இடுவர். சர்க்கரைத் தட்டில் இருவகை ஈஸ்டும் ஒன்றுபோல் முளைக்கும். சூப்பராக்சைடைப் பெருக்கும் பாராகுவாட் என்னும் நஞ்சைச் சிறிது கலந்த தட்டிலோ, காவலனை இழந்த வரிசையில் துளிகள் விரைவில் வெறுமையாகும். வளர்ச்சி நின்று காத்திருக்கும் பருவத்திலும் அவ்வகை ஈஸ்ட் முன்னதாகவே மடிகிறது.

இதே நொதி நம் உடலிலும் உண்டு. 1995-இல் இதற்குரிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் குஞ்சுகளுள் பெரும்பாலானவை, இதயம் நலிந்து, பிறந்த பத்து நாட்களுக்குள் மாண்டன. ஈஸ்டுக்கு நொதித்தல் என்னும் மாற்றுவழி இருந்தது. ஓயாது துடிக்கும் இதயத்துக்கு அவ்வழி இல்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஒரு மரபணுவை நீக்கிய பின் "வளர்கிறதா?" என்று மட்டும் கேட்டு அமையாதீர்கள். எந்த உணவில், எந்தக் காற்றில், எத்தனை நாள் என்றும் கேளுங்கள். ஒரு மரபணு பயனற்றது என்று தீர்ப்புக் கூறுமுன், அது பயன்படும் வேளையை நாம் சோதித்தோமா என்பதே முதற்கேள்வி.