உங்களுக்குத் தெரியுமா? 'சாப்ஸ்' பைக்குக்காகப் பிறந்ததல்ல!

பைக் ஓட்டிகள் ஜீன்ஸுக்கு மேல் கட்டிக்கொள்ளும் 'சாப்ஸ்' என்ற தோல் கால்கவசம், குதிரையில் மாடு மேய்த்த மெக்சிகோக்காரர்களை முள்புதரிலிருந்து காத்தது. சேணத்தில் உட்காருவதால் பின்பக்கத்துக்குத் தோல் வைக்கவில்லை. இன்றும் அப்படித்தான்!

• குளிர்காற்றுக்கு சாப்ஸ் அருமை. கீழே விழுந்து தார்ச்சாலையில் சறுக்கினால் பின்பக்கத்துக்குக் காப்பில்லை. முழு பேன்ட்தான் நல்லது.

• பைக் உடைகளின் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரம் 'ஈ.என். 17092'-இல் உயர்ந்த வகுப்பு 'ஏஏஏ'. உள்பக்க லேபிளில் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

• பைக் பேன்ட்டுக்கான மாட்டுத்தோல் பொதுவாக 1.2 முதல் 1.4 மி.மீ. தடிமன்.

• வெயிலுக்குப் பொடித்துளையிட்ட தோல். மழைக்கு மேலே ரெயின் பேன்ட். நனைந்த தோலை நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் விறைத்துப்போகும்.

• முழங்காலை மடக்கி உட்கார்ந்து பாருங்கள். பேன்ட் மேலேறிக் கணுக்கால் தெரிந்தால், நீளம் போதாது.