பதம் பார்க்க நாலு பேர்: சிறார் எழுத்தாளர்களின் விமர்சனக் குழு எப்படி இயங்குகிறது?

கல்யாண வீட்டு அடுப்படியில் சாம்பார் கொதிக்கும்போது, தலைமைச் சமையற்காரர் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, காய் நறுக்கிக்கொண்டிருப்பவரின் உள்ளங்கையில் விடுவார். அவருக்கு உப்புப் பார்க்கத் தெரியாமல் இல்லை. விடியற்காலையிலிருந்து புகையிலும் மசாலா நெடியிலும் நின்றதில் நாக்கு மரத்துப்போயிருக்கும். குழந்தைகளுக்கு எழுதுகிறவரின் நிலையும் இதுதான். திரும்பத் திரும்பத் திருத்திய கதையில் தாளில் இருப்பது அவர் கண்ணில் படாது. மனத்தில் இருப்பதுதான் படும். முயல் கிணற்றருகே ஏன் போனது என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும் வரியைத்தான் எழுதாமல் விட்டிருப்பார்.

அந்த விடுபடலைக் கண்டுபிடிக்கத்தான் விமர்சனக் குழு. அதில் எத்தனை பேர் வேண்டும்? நாலிலிருந்து ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் எல்லோர் கதைக்கும் நேரம் கிடைக்காது. எல்லோரும் எழுதுகிறவர்களாக இருப்பது நல்லது. தன் கதையைக் கொண்டுவராமல் பிறர் கதைக்கு மட்டும் கருத்துச் சொல்பவர் நாளடைவில் பரீட்சைத்தாள் திருத்துபவராக மாறிவிடுவார். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், நூலகர்கள், கதைசொல்லிகள் நடுவே தேடினால் ஆட்கள் கிடைப்பார்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கி வேலைக்கு நடுவிலேயே 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகப் பாடுபட்டார். அமெரிக்காவில் 1971-ல் தொடங்கிய சிறார் நூல் எழுத்தாளர், ஓவியர் சங்கத்தின் கிளைகளில் உறுப்பினர்கள் இப்படிச் சிறு குழுக்களாகக் கூடுவது வழக்கம். இத்தகைய சங்கக் கூட்டங்களில் அறிமுகமானவர்களில் மூவரைச் சேர்த்துக்கொண்டாலே குழு தொடங்கிவிடலாம்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே கதை எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும். கூடியதும், எழுதியவரை விட்டு வேறொருவர் அதை உரக்க வாசிக்கட்டும். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். எழுதியவர் வாசித்தால் தன் குரலின் ஏற்ற இறக்கத்தால் ஓட்டைகளை அடைத்துவிடுவார். புத்தகமானபின், இரவில் பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு வாசிக்கப்போவது முன்பின் தெரியாத ஓர் அம்மாவோ தாத்தாவோதான். வாசிப்பவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே வாக்கியம் நீளம். எங்கே திரும்பிப் போய்ப் படிக்கிறாரோ அங்கே குழப்பம். எழுதியவர் பேசாமல் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் கூட்டம் வாக்குவாதமாகிவிடும்.

கருத்துச் சொல்பவருக்கும் ஓர் எல்லை உண்டு. சுவை பார்க்கக் கேட்டால் “புளி தூக்கல்” என்று சொல்லலாம். வெல்லத்தை எடுத்துக் குண்டானில் போடக் கூடாது. “இந்த இடத்தில் பேசுவது அக்காவா தம்பியா என்று புரியவில்லை” என்பது பயனுள்ள கருத்து. “நானாக இருந்தால் தம்பியை எடுத்துவிடுவேன்” என்பது கரண்டியைப் பிடுங்குவது. மூன்று பேர் ஒரே இடத்தில் இடறினால் அங்கே ஏதோ குறை நிச்சயம். என்ன செய்து சரிப்படுத்துவது என்பது எழுதியவர் பொறுப்பு. எந்தக் கட்டத்தில் கதை இருக்கிறது என்பதையும் அவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பருப்பே வேகாதபோது கொத்தமல்லியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலில் கதைப்போக்கு, எழுத்துப்பிழை கடைசியில்.

இனி, சாப்பிடப்போவது யார் என்ற கேள்வி. குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரியவர்கள். காரத்துக்குப் பழகிய நாக்குகள். அதனால் ஒவ்வொரு கதையும் எந்த வயதுக் குழந்தைக்கு என்பதைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். சிக்கலைத் தீர்ப்பது குழந்தையா, கடைசி நிமிடத்தில் வந்து சேரும் மாமாவா? முடிவில் தாத்தா அறிவுரை சொல்கிறாரா? ஏழு வயதுப் பெண் எழுத்துத் தமிழில் பேசுகிறாளா? தமிழ்ச் சிறார் கதைகள் பலவும் தடுமாறுவது இந்த இடங்களில்தான். படக்கதை என்றால் எட்டுத் தாள்களை ஒன்றாக மடித்து 32 பக்கம் ஆக்கி, எந்த வரி எந்தப் பக்கம் என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கம் திருப்பும் இடத்தில் ஆவல் மிஞ்சுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

குழந்தைகளையும் கேட்க வேண்டும். ஆங்கில எழுத்தாளர் டோல்கினின் ‘தி ஹாபிட்’ என்ற சிறார் நாவலின் கையெழுத்துப்படியை அவருடைய எழுத்தாள நண்பர் சி. எஸ். லூயிஸ் முன்பே படித்திருந்தார். ஆனாலும் 1936-ல் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். ஒரு ஷில்லிங் கூலிக்கு அவன் படித்து, வெளியிடலாம் என்று எழுதிக்கொடுத்தான். அடுத்த ஆண்டே புத்தகம் வந்தது. ஆனால் நம் பிள்ளைகள் எழுதியவரின் முகத்துக்கு நேராக “நல்லா இருக்கு” என்றுதான் சொல்வார்கள். வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் பார்வை எந்த வரியில் ஜன்னல் பக்கம் போகிறது என்று கவனியுங்கள்.

முதல் மூன்று கூட்டங்களை ஒத்திகை என்று வைத்துக்கொண்டால், ஒத்துவராதவர் மனக்கசப்பில்லாமல் விலகலாம். அந்த இடத்துக்கு ஓர் ஓவியரைத் தேடுங்கள். படமே சொல்லிவிடும் சேதியை வரியும் சொல்கிற இடங்களை அவர் கண் சட்டென்று பிடித்துவிடும்.