அடிபட்டவர் 'சரி' என்றால் போதுமா?

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே ஏதோ ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் போட்ட இரவு. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் வாய்ச்சண்டை முற்றி, ஒருவர் இன்னொருவரை அடித்துவிடுகிறார், உதடு கிழிகிறது. அங்கே கையால் கொழுந்து கிள்ளுவது குறைந்துவிட்டது. விடிந்தால் ஒரே வெட்டு இயந்திரத்தின் இரண்டு பிடிகளையும் இவர்கள் இருவரே பிடிக்க வேண்டியிருக்கலாம். போலீசில் ரிப்போர்ட் கொடுப்பதா, பேசி முடிப்பதா?

மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இதற்குப் பஞ்சாயத்து இருந்தது. மானுடவியலாளர் ரவீந்திர கே. ஜெயின், தோட்டத் தென்னிந்தியர் பற்றி 1970இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். கோயில் நிதிக்கு அபராதம் கட்டி, நாலு பேர் முன் கும்பிட்டு எழுந்தால் விவகாரம் முடிந்தது. தோட்டம் அமைதியானது. அடிபட்டவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு.

இன்று 'சீரமைப்பு நீதி' எனப்படுவது இதிலிருந்து விலகும் இடம் அந்தக் கேள்விதான். 1974இல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அதிகாரி மார்க் யான்ட்சி ஒரு யோசனை சொல்ல, நீதிபதி ஒத்துக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, நட்டத்தைக் கேட்டு, ஈடு கட்டினார்கள். அங்கே நாட்டாமை இல்லை. கேள்வி கேட்டது பொருளை இழந்தவர்.

மலேசியாவில் இதற்கு வழி உண்டா? 2012இன் மத்தியஸ்தச் சட்டத்தில் தேடிப் பயனில்லை. குற்ற வழக்குகளை அதன் அட்டவணையே விலக்கிவிடுகிறது. வழி இருப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260ஆம் பிரிவில். தண்டனைச் சட்டம் 323இல் வரும் சாதாரண காயத்துக்கு ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இதுபோன்ற சில குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். வழக்கு நீதிமன்றம் ஏறிவிட்டால் நீதிமன்றத்தின் சம்மதமும் வேண்டும். சமரசமாகிவிட்டால் அது விடுதலைக்குச் சமம். கவனியுங்கள்: இந்த உரிமை அடிபட்டவருக்கு மட்டும். மண்டோருக்கோ (மேற்பார்வையாளர்) கிராணிக்கோ (எழுத்தர்) கோயில் தலைவருக்கோ இல்லை.

எல்லாவற்றையும் இப்படி முடித்துவிட முடியாது. கவாத்துக் கத்தி கைக்கு வந்திருந்தால் தண்டனைச் சட்டத்தின் 324ஆம் பிரிவு, தண்டனையும் கடுமை. சமரசத்துக்கு இடமில்லாத குற்றத்தைப் பணம் வாங்கிக்கொண்டு மூடி மறைப்பது, அதே சட்டத்தின் 213இன்படி தனிக் குற்றம். குழந்தை மீதான பாலியல் குற்றம் என்றால் ஊர்ப் பேச்சே கூடாது; தெரிந்தும் தகவல் தராதவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கிறது.

என்னை உறுத்துவது சட்டத்தின் எழுத்து அல்ல, அடிபட்டவரின் 'சம்மதம்' என்ற சொல். பஞ்சாயத்தைக் கட்டிக் காத்தது ஒரே கோயில், ஒரே மொழி. இன்றைய லயங்களில் வங்கதேசத்தவரும் நேபாளியரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெர்மிட் முதலாளியோடு கட்டுண்டது. வேலை பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளரே நடுவராக உட்கார்ந்து, "விட்டுடுப்பா" என்றால், கிழிந்த உதட்டோடு ஒருவர் தலையாட்டுவதை எந்தக் கணக்கில் எழுதுவது? எல்மைராவில் அந்த இளைஞர்கள் தட்டியது பாதிக்கப்பட்டவரின் கதவை. லயத்தில் அந்தக் கதவும் தோட்டத்துக்குச் சொந்தம்.