மருந்து டேங்க் கழுவும் இடம்

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்கு வரும் காய்கறியில் பெரும்பகுதி கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. தமிழகக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக 2015-ல் கேரளம் ஆட்சேபித்தது பெரிய சர்ச்சையானது. காயில் ஒட்டிய மருந்தைப் பற்றி அன்று எல்லோரும் பேசினோம். ஒட்டாமல் தண்ணீருக்குப் போன மருந்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

இந்தப் பகுதியில் பழனி மலைத் தண்ணீர் பரப்பலாறு அணையில் தேங்கி, நங்காஞ்சியாறாக விருப்பாச்சி வழியே இறங்கி, அமராவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. கரைநெடுகத் தோட்டங்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் அடிக்கும் இமிடாகுளோப்ரிட் தண்ணீரில் எளிதில் கரையும். மழை பெய்தால் ஓடைக்கு வந்துவிடும். சைபர்மெத்ரின் என்ற இன்னொரு மருந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்; வண்டலோடு குளத்தில் போய்ப் படியும். மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியது அது. மீனுக்கும் முன்னால் சாவது, மீனுக்கும் தவளைக்கும் இரையாகும் நீர்ப்பூச்சிகள். இரை அற்றுப்போன குளத்தில், மருந்துக்குத் தப்பிய மீனும் தேறாது.

வயலிலிருந்து வழிவது ஒரு பங்குதான். மருந்து கலக்கும் இடத்திலும் டேங்க் கழுவும் இடத்திலும் சிந்துவதே பல ஓடைகளில் பெரும்பங்கு என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊரிலும் பார்க்கிற காட்சிதான்: வாய்க்காலில் முக்கி நிரப்பும் 16 லிட்டர் டேங்க், அதே தண்ணீரில் அலசும் அளவுமூடி, கரையில் கிடக்கும் காலிப் பாட்டில். குடிநீரில் ஒரு பூச்சிமருந்து லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. அந்தக் கணக்கில், 1 கிராம் மருந்து 1 கோடி லிட்டர் தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

தடைகள் தேவைதான். 2011-ல் எண்டோசல்பான் மருந்தை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது உயிர்களைக் காத்தது. ஆனால் ஒன்று போனால் கடையில் இன்னொன்று வந்துவிடுகிறது. வாய்க்காலில் கழுவும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

இதற்குச் செலவு குறைந்த வழி உண்டு. ஸ்வீடனில் 1990-களில், வைக்கோல், சதுப்புநில மட்கு (பீட்), மண் மூன்றையும் கலந்து நிரப்பிய குழியின் மேல் டேங்கை நிறுத்திக் கழுவத் தொடங்கினார்கள். சிந்தும் மருந்தை வைக்கோலில் வளரும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் சிதைக்கின்றன. வைக்கோலும் தென்னை நார்க்கழிவும் தாராளமாகக் கிடைக்கிற திண்டுக்கல் மாவட்டத்தில், கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்ட இப்படிக் குழிகள் அமைக்கத் தோட்டக்கலைத் துறை முன்வர வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வரப்போரம் செண்டுமல்லி என்று மருந்தையே குறைக்கும் வழிகளும் கூடவே வேண்டும். விவசாயியைக் குறைசொல்லிப் பயனில்லை; எந்தப் பூச்சிக்கு எவ்வளவு என்று அவருக்குச் சொல்ல, பல ஊர்களில் மருந்துக்கடைக்காரர் மட்டும்தான் இருக்கிறார்.

குழி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காலிப் பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிய மருந்து ஆற்றுக்குப் போகாது.